தென்புறம் போகும் சத்தம்

மூன்றாவது புகாரும் நல்லக்காபாளையத்திலிருந்துதான் வந்தது. முதல் இரண்டையும் படித்துவிட்டு ஓரமாகத் தள்ளியதைப் போல மேகலா இதையும் தள்ளியிருப்பாள். என்ன செய்வது, நாற்பத்தேழு வயதில் காலையில் கண் விழிக்கும்போதே சோர்வோடுதான் விழிக்கிறாள். ஆனால் இதை எழுதியவர் அதட்டவில்லை, கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டவும் இல்லை. "சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் மட்டும் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா? பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வருகிறது" என்று கேட்டிருந்தார். கீழே சுலோச்சனா, எட்டுத் தறி, வடக்கு வீதி என்று கையெழுத்து. இப்படிப் பணிவாகக் கேட்கிறவர்களை ஓரமாகத் தள்ளுவதுதான் கஷ்டம்.

எழுந்து போய் ரகோத்தமனிடம் காட்டினாள். கம்பெனியின் இயக்குநர் அவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் நின்றுகொண்டே படிப்பார்.

"நல்லக்காபாளையமா? ஊர் பூரா விசைத்தறி ஆச்சே. நீங்கதானே போய் அளந்தீங்க, எண்பத்தொன்பது டெசிபெல். அங்க இடி விழுந்தாக்கூடப் பக்கத்து ஆள் சொன்னாத்தான் தெரியும். இவங்களுக்குத் தும்பி கேக்குதாமா?"

"சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஊரே தறியை நிறுத்துதாம் சார்."

"எதுக்கு?"

"பிள்ளைங்க படிக்கறதுக்கு."

ரகோத்தமன் தாளைத் திருப்பித் தந்தார். "நல்ல காரியம்தான். வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா அறுபது வீட்டுக்குப் பாவம் பாக்கப் போய், இந்தப் பக்கம் எழுநூறு பிளாட்டுக்காரங்களை என் தலையில ஏத்தி விட்டுடாதீங்க மேகலா."

தும்பி என்பது அவர்களுடைய வான்வண்டியின் பெயர். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே நான்கு நிமிஷத்துக்கு ஒன்று போகும், ஒன்று வரும். பேட்டரியில் ஓடுகிற ஒன்பது பேர் வண்டி. அதன் இறக்கையின் முன்விளிம்பில் பன்னிரண்டு சின்னச் சுழலிகள் வரிசையாக நெருக்கியடித்துக்கொண்டு சுற்றும். ஒன்றின் முனைக்கும் அடுத்ததன் முனைக்கும் மூன்று விரல் இடைவெளிதான். அப்படி நெருக்கினால்தான் சிறிய இறக்கை போதும், மொட்டை மாடியிலேயே இறங்கலாம். நெருக்கியதற்கு ஒரு கூலி உண்டு. ஒரு சுழலி கலக்கிவிட்ட காற்றுக்குள் பக்கத்துச் சுழலியின் அலகு போய் மோதும். மோதி மோதி ஓர் உறுமல் கிளம்பும். முதல் சோதனை ஓட்டத்தில் பீளமேட்டு அடுக்குமாடிகளில் நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. அன்றைக்கே கம்பெனியை இழுத்து மூடியிருப்பார்கள்.

மூடாமல் காப்பாற்றியவள் மேகலா. பன்னிரண்டு சுழலிகளையும் அதனதன் பாட்டுக்குச் சுற்ற விடாமல், ஒவ்வொன்றும் பக்கத்ததைவிட இத்தனை பாகை பின்தங்கிச் சுற்ற வேண்டும் என்று கட்டிப் போட்டாள். அப்போது ஒரு பக்கம் உறுமல் அப்படியே அமுங்கிப் போனது. மறுபக்கம்? மறுபக்கம் இரட்டிப்பானது. எந்தப் பக்கம் என்பதை ஓர் எண்ணை மாற்றித் தீர்மானித்துவிடலாம். கிழக்கே திருப்பூர் போகும்போது இடதுபக்கம் அமைதி, திரும்பி வரும்போது வலதுபக்கம் அமைதி. ஆக மொத்தம் எப்போதும் வடபுறம் அமைதி, எப்போதும் தென்புறம் சத்தம். வடபுறம் அடுக்குமாடிகள். தென்புறம் நல்லக்காபாளையம்.

சட்டத்துக்கும் இடமிருந்தது. ஓர் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் சத்தத்தைத் தாண்டாத புதுச் சத்தத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. அதை அளக்கத்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் மேகலா அந்த ஊருக்குப் போனாள். மூன்று நாள், காலை பத்திலிருந்து நாலு மணி வரை கருவியை வைத்து அளந்தாள். தறி சத்தத்தில் தலைவலியோடு திரும்பினாலும், எண்ணைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தத் தறியெல்லாம் எப்போதாவது நிற்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படித்தவர்களின் மடத்தனம் இப்படித்தான் இருக்கும், எல்லாவற்றையும் துல்லியமாக அளந்துவிட்டு, கேட்க வேண்டிய ஒரு கேள்வியை விட்டுவிடுவது.

இந்த முறை ஐந்தரை மணிக்குப் போனாள். வடக்கு வீதியில் நுழையும்போதே காரின் கண்ணாடி அதிர்ந்தது. சுலோச்சனா வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், தலைமுடியெல்லாம் தறியின் பஞ்சு ஒட்டியிருந்தது. வாயசைவு மட்டும் தெரிந்தது. "ஆறு மணி ஆகட்டுமுங்க" என்று கையால் காட்டிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆறு மணிக்குத் தெருக்கோடியில் முதலில் ஒரு கொட்டகை நின்றது. பிறகு பக்கத்தது, எதிரில் உள்ளது என்று ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் சுலோச்சனாவின் எட்டுத் தறியும் நின்றன. யாரோ காதிலிருந்து பஞ்சை உருவியதைப் போலிருந்தது மேகலாவுக்கு. எங்கேயோ ஒரு பெண் சட்டியில் கடுகு தாளிப்பது கேட்டது.

"பதினோரு புள்ளைங்க இந்த வருசம் பன்னெண்டாவது எழுதறாங்க" என்றார் சுலோச்சனா. "போன வருசம் ஆறு பேர் எழுதி ரெண்டு பேர்தான் தேறுனாங்க. இந்தச் சத்தத்துல எப்படிங்க படிப்பாங்க? அறுவது வீட்டையும் கூட்டி வெச்சுப் பேசுனோம். ரெண்டு மணி நேரம் நிறுத்துனா ஒவ்வொருத்தருக்கும் எத்தனை மீட்டர் துணி போச்சுங்கறது உங்களுக்குத் தெரியாதுங்க. ஒத்துக்க வெக்கறதுக்குள்ள எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு."

எதிர்த்த கொட்டகையின் படிகளில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் வேதியியல் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். "அதுதானுங்க எம் பொண்ணு, நிவேதிதா" என்றார் சுலோச்சனா.

அப்போது அது வந்தது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் தட்டியது. மேற்கிலிருந்து உறுமிக்கொண்டே வந்து, தலைக்கு மேல் கொஞ்சம் விலகி, கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. பதினோரு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் படிப்பதை நிறுத்தினார்கள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரயில்வே கேட்டில் நிற்பவர்களைப் போலக் காத்திருந்தார்கள். போனதும் நிவேதிதா அதே வரியை முதலிலிருந்து படித்தாள். பாதிப் பக்கம் போவதற்குள் எதிர்த்திசையில் அடுத்தது வந்துவிட்டது.

மேகலா தன் வண்டியை இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க பக்கமும் இப்படித்தான் கேக்குமுங்களா?" என்றார் சுலோச்சனா.

"இல்லைங்க. எங்க பக்கம் கேக்காது."

"அதெப்படிங்க, ஒரே வண்டிதான?"

"தொட்டித் தண்ணியில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கல்லைப் போட்டா ரெண்டு அலை வருதில்லைங்க? ஒரு பக்கம் ரெண்டும் சேந்து பெரிசாகும். இன்னொரு பக்கம் ஒண்ணை ஒண்ணு அமுக்கிரும். சத்தமும் அப்படித்தான். இறக்கையில பன்னெண்டு இருக்கு. எதை எப்பச் சுத்த விடறதுன்னு நாம முடிவு பண்ணினா, சத்தம் எந்தப் பக்கம் போகணும்னும் நாமளே முடிவு பண்ணலாம்."

"ரெண்டு பக்கமும் இல்லாமப் பண்ண முடியாதுங்களா?"

"முடியாதுங்க. சத்தத்தைக் கொல்ல முடியாது. நகத்தத்தான் முடியும்."

சுலோச்சனா அதை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பதைப் போல உதட்டை அசைத்தார். "அப்ப இந்தப் பக்கம் போகட்டும்னு யாரோ உக்காந்து முடிவு பண்ணியிருக்காங்க."

"ஆமாங்க" என்றாள் மேகலா. பொய் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. "நான்தாங்க பண்ணினேன்."

சுலோச்சனா திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. "பரவாயில்லீங்க, வந்து கேட்டீங்களே. காப்பி வெக்கட்டுமா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று மேகலாவுக்கு இருந்தது.

கிளம்புவதற்கு முன் வாக்குக் கொடுத்தாள். தறி நிற்கும் நேரத்தில் மூன்று நாள் தொடர்ந்து அளந்துவிட்டால் போதும். அந்த நேரத்தில் ஊரின் சத்தம் வெறும் நாற்பதுதான் என்று எழுத்தில் ஏறிவிட்டால் கம்பெனி தப்பிக்க முடியாது. சத்தத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தே ஆக வேண்டும். "திங்கக்கிழமை வர்றேன். புதன் வரைக்கும் அளக்கணும். அதுவரைக்கும் தறியை இதே மாதிரி நிறுத்தி வைங்க."

"நீங்க வர்ற வரைக்கும் நிறுத்தி வெக்கறோமுங்க" என்றார் சுலோச்சனா.

மேகலா வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் இளம்பரிதி வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்தான். அந்த வீட்டில் எல்லாமே சத்தமில்லாமல்தான். தட்டுகள் மரத்தட்டுகள், நாற்காலிக் கால்களுக்குத் துணி, குக்கர் கிடையாது. மகள் யாழினிக்குப் பதிமூன்று வயது. அவளுக்குச் சத்தம் வலிக்கும். பிடிக்காது என்பதல்ல, நிஜமாகவே வலிக்கும். ஒரு டம்ளர் கீழே விழுந்தால் ஒரு மணி நேரம் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். வடபுறத்து அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் இந்த வீட்டை அவர்கள் வாங்கியதே, வடபுறம் அமைதியாக இருக்கும் என்று மேகலாவுக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான். ரகோத்தமன் வடபுறத்தைக் கேட்டது பிளாட்டுக்காரர்களுக்காக. அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றது யாழினிக்காக. இதை அவள் இளம்பரிதியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

நல்லக்காபாளையத்தில் நடந்ததை அவள் சொன்னதும், "அளந்தா என்ன ஆகும்?" என்றான் தாழ்ந்த குரலில்.

"பாதி நம்ம பக்கம் வரும்."

அவன் யாழினியின் அறைக் கதவைப் பார்த்தான். பிறகு தோசைக்கல்லைத் துடைக்கப் போய்விட்டான்.

முதல் திங்கட்கிழமை யாழினிக்குக் காய்ச்சல். அது உண்மை. இரண்டாவது திங்கட்கிழமை ரகோத்தமன் திருப்பூரில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அதுவும் உண்மைதான். இரண்டு முறையும் சுலோச்சனா போன் செய்து, "பரவாயில்லீங்க, பாப்பாவைப் பாருங்க, நாங்க நிறுத்தித்தான் வெச்சிருக்கோம்" என்றார். மூன்றாவது திங்கட்கிழமை ஒரு காரணமும் இல்லை. கருவி காரிலேயே கிடந்தது. ஐந்து மணிக்கு நல்லக்காபாளையம் போகிற சாலையில் திரும்ப வேண்டியவள், திரும்பாமல் நேராக வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். போன் அடித்தது. எடுக்கவில்லை. போகாததற்கு அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பெயர் அசதி. அசதி பொய்யில்லை. ஆனால் அசதிக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதன் பின்னால் எதை வேண்டுமானாலும் மறைத்து வைக்கலாம்.

அடுத்த பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மீட்டிங்கில் யாராவது பேசும்போது படிப்பை நடுவில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் பதினோரு முகங்கள் நினைவுக்கு வந்தன. கடைசியில் இளம்பரிதிதான் சொன்னான். "போய் அளந்துட்டு வா. யாழினி ரூமுக்குக் கனமா ரெண்டு சுவர் வைப்போம். அதுக்கும் கேட்டா வேற வீடு பாப்போம். நீ இப்படி மென்னு முழுங்கிட்டுக் கிடக்கறதைப் பாக்க முடியலை."

"அவளுக்கு வலிக்குமே."

"வலிக்கும்தான். அவ நம்ம பொண்ணு, நாம பாத்துக்குவோம். அங்க பதினோரு பேரை யார் பாப்பாங்க?"

அழுகை வந்தது. அழுதாள். அடுத்த நாளே ரகோத்தமனிடம் சொல்லாமல் கிளம்பினாள். மனசு இத்தனை லேசாக இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள். வடக்கு வீதியில் நுழையும்போது மணி ஆறு பத்து.

காரின் கண்ணாடி அதிர்ந்தது.

எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. மேகலா கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். படிகளில் பிள்ளைகள் இல்லை. சுலோச்சனா கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் சொல்வது ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து, கொட்டகையின் பின்பக்கம் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அங்கே கத்திப் பேசினால் கேட்டது.

"போன வாரத்தோட ஓட விட்டுட்டோமுங்க!"

"நான் வர்றேன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. மூணு திங்கக்கிழமை உங்களுக்காகவே நிறுத்துனோம். அதுக்கு மேல என் பேச்சு எடுபடலீங்க. எப்படியும் மேல ஒரு சத்தம் உறுமிட்டுத்தான் இருக்குது, நாம எதுக்கு நட்டப்படறோம், அந்தச் சத்தத்துக்கு நம்ம சத்தமே தேவலைன்னுட்டாங்க. சொன்னாப்புல தறி ஓடறப்ப உங்க வண்டி கேக்கறதேயில்லை."

"நிவேதிதா?"

"காதுல பஞ்சை வெச்சுட்டுப் படிக்கறா. பரீட்சைக்கு இன்னும் பதினாறு நாள் இருக்குது."

"மூணே நாள் நிறுத்துங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன். நாளையிலிருந்து."

சுலோச்சனா தலையை ஆட்டினார். கோபமில்லை, களைப்புத்தான். "ஒருக்கா சேந்து பிரிஞ்சவங்களை மறுக்கா சேக்க முடியாதுங்க. என்னால ஆகாது."

மேகலா வந்ததற்காகக் கருவியை எடுத்து வைத்தாள். தொண்ணூறு காட்டியது. மேற்கிலிருந்து ஒரு தும்பி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வந்தது. தலைக்கு மேல் போனது. எண் அசையவே இல்லை. எல்லாம் சட்டப்படி இருந்தது. யாழினியின் அறைக்கு இனிச் சுவர் வைக்க வேண்டாம். அது தோன்றிய அந்த நொடியில் மேகலாவுக்குப் பெரிய நிம்மதி வந்தது, குளிர்ந்த தண்ணீர் குடித்தாற்போல. அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பும் வந்தது. ஆனால் முதலில் வந்தது நிம்மதிதான்.

"வருத்தப்படாதீங்க" என்று அவள் தோளைத் தொட்டார் சுலோச்சனா. "ஒண்ணு கேக்கலாமுங்களா? தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அன்னிக்கு நீங்க சொன்னீங்க பாருங்க, கொல்ல முடியாது, நகத்தலாம்னு. அதையே நெனச்சுட்டிருந்தேனுங்க. எங்க எட்டுத் தறியும் வரிசையாத்தான நிக்குது? ஒவ்வொண்ணும் அது பாட்டுக்கு அடிக்குது. உங்க ரெக்கையில பண்ணுனாப்புல ஒண்ணுக்கு ஒண்ணு முன்னப்பின்ன வெச்சு ஓட்டுனா, வீட்டுப் பக்கம் சத்தம் வராமப் பண்ணலாமில்லீங்களா? எம் பொண்ணு படிக்கற ரூம் மட்டும் போதும்."

மேகலா அவரை வியப்போடு பார்த்தாள். நான்கு வருஷம் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவள் இதை விளக்க ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

"அப்படிப் பண்ணினா சத்தம் இந்தப் பக்கமில்ல வரும்" என்று கிணற்றுக்கு அப்பால் காட்டினாள்.

"அக்கட்டால வீடெல்லாம் இல்லீங்க. வடக்கத்தி ஆளுங்க தங்கற லைன் ரூம்புதான். எந்நேரமும் தறியிலயே கெடக்கறவங்க, அவங்களுக்கெல்லாம் பழக்கம். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கிணற்றுக்கு அப்பால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை வரிசை. பத்துக் கதவுகள், கொடியில் லுங்கிகள். கடைசிக் கதவுக்கு முன்னால் ஓர் இளம்பெண் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் இருந்த குழந்தையிடம் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சுலோச்சனா தினமும் பார்க்கிறவர்தான். இப்போதும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியுமுங்களா?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுலோச்சனா நம்பிவிடுவார். ஆனால் மேகலாவின் தலைக்குள் கணக்கு ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது. மோட்டாருக்கு ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி, எட்டுக்கும் ஒரே கம்பி, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். தறிக்காரர் பெண்ணுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தன் பெண்ணுக்கு அவளே செய்ததுதானே? அப்புறம், நிவேதிதாவின் பரீட்சைக்குப் பதினாறே நாள்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மாதத்தைத் தின்றவள் இவள்.

"முடியுங்க" என்றாள்.

சுலோச்சனாவின் முகம் மலர்ந்தது. அந்த முகம் மலர்ந்து மேகலா பார்த்ததே இல்லை. "நிவேதிதா!" என்று கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குள் ஓடினார்.

மேகலா கருவியைத் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றி லைன் ரூம்புகளின் பக்கம் நடந்தாள். அங்கே ஏற்கெனவே எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று முதலில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. கட்டிலில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. கருவியைக் காட்டி, தரையைக் காட்டினாள். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து, சிரித்தபடியே கட்டிலை நகர்த்தி, வைப்பதற்கு இடம் விட்டாள்.